எத்தனை ஈரம் வேண்டும்? காற்றுக்குக் கணக்குப் போட்ட கேரியர்

மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டில் ஒரு தொல்லை தொடங்கிவிடுகிறது.

காலையில் பொரித்த அப்பளம் மாலைக்குள் நமுத்துப் போகிறது. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. தீக்குச்சி பற்ற மறுக்கிறது. பீரோவில் பத்திரமாக வைத்த கல்யாணப் போட்டோவில் பூஞ்சை பூக்கிறது. மரக் கதவு உப்பிக்கொண்டு, மூட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

கோடை வந்தாலோ இதற்கு நேர்மாறு. அதே கதவு சுருங்கி இடுக்கு விடுகிறது. பழைய புத்தகத்தின் தாள் தொட்டால் ஒடிகிறது. வீணையின் மரத்தில் கீறல் விழுகிறது.

ஈரம் அதிகமானாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். அப்படியானால் எத்தனை ஈரம்தான் சரி?

இந்தக் கேள்வியையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியர்.

குளிர்சாதனத்தைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் அவருடைய முதல் யந்திரம் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அது காகிதத்துக்காகச் செய்யப்பட்டது! அந்தக் கதை சுவையானது.

ஆப்பிளில் கற்ற கணக்கு

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் அருகே அங்கோலா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கேரியர் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை.

தாயார் எலிசபெத் கைவேலையில் கெட்டிக்காரி. வீட்டில் கடிகாரம் நின்றாலும், தையல் யந்திரம் மக்கர் செய்தாலும் தாமே பிரித்துப் பழுது பார்த்துவிடுவார்.

சிறுவன் வில்லிசுக்குப் பள்ளியில் பின்னக் கணக்கு வரவில்லை. அரை, கால், அரைக்கால் என்றால் தலை சுற்றியது. தாயார் கோபிக்கவில்லை. நிலவறையிலிருந்து ஒரு கூடை ஆப்பிள் கொண்டுவரச் சொன்னார். ஒரு பழத்தை இரண்டாக வெட்டச் செய்தார். அடுத்ததை நான்காக; அதற்கு அடுத்ததை எட்டாக. துண்டுகளைச் சேர்த்தும் பிரித்தும் காட்டினார். காகிதத்தில் புரியாத கணக்கு கையில் புரிந்துவிட்டது.

எந்தச் சிக்கலையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும் என்ற பாடம் அன்று அவன் மனத்தில் பதிந்தது. கடைசி வரை அது அவரை விட்டுப் போகவில்லை.

பாடம் சொல்லிக்கொடுத்த தாயார் அதிக நாள் இருக்கவில்லை. கேரியருக்கு 11 வயதானபோது அவர் காலமாகிவிட்டார்.

துணி வெளுத்துப் படித்த மாணவர்

கேரியர் பள்ளிப் படிப்பை முடித்த சமயம், அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி. குடும்பத்தில் கல்லூரிக்கு அனுப்ப வசதி இல்லை. பள்ளி ஆசிரியராகச் சிறிது காலம் வேலை பார்த்தார். ஆனாலும் ஆசை அடங்கவில்லை. உபகாரச் சம்பளத்துக்கான பரீட்சை எழுதி, கார்னெல் பல்கலைக் கழகத்தில் இடம் பிடித்தார்.

உபகாரச் சம்பளம் படிப்புக்குத்தான். சாப்பாட்டுக்கு வழி? புல் வெட்டினார். சாப்பாட்டு மேஜையில் பரிமாறினார். வீடுகளில் கணப்பு அடுப்புக்குக் கரி போட்டார். பிறகு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மாணவர்களுக்காக ஒரு சலவைக் கூட்டுறவும் நடத்தினார்.

1901-ல் என்ஜினீயர் பட்டம் பெற்றார். பஃபலோ நகரில் இருந்த பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 10 டாலர்.

அந்தக் கம்பெனி காற்று ஊதும் விசிறிகளும், சூடேற்றும் சாதனங்களும் செய்தது. மரத்தையும் காப்பிக் கொட்டையையும் உலர்த்தும் யந்திரங்களுக்கு வரைபடம் போடுவதுதான் கேரியரின் ஆரம்ப வேலை.

ஆக, முதல் நாளிலிருந்தே ஈரத்தோடுதான் அவருக்கு உறவு!

எவ்வளவு சூடான காற்று விட்டால் எவ்வளவு ஈரம் போகும் என்பதற்குச் சரியான கணக்கு அப்போது யாரிடமும் இல்லை. எல்லாம் குத்துமதிப்புதான். கேரியருக்குக் குத்துமதிப்பு பிடிக்காது. தாமே சோதனை செய்து அட்டவணை தயாரித்தார். அவருடைய திறமையைக் கண்ட கம்பெனி, சோதனைப் பிரிவு ஒன்றையே அவரிடம் ஒப்படைத்தது.

அச்சகத்துக்கு வந்த சோதனை

1902-ம் ஆண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற பெரிய அச்சகம் இருந்தது. வர்ணப் படங்கள் அச்சிடுவதில் பெயர் பெற்றது. ஜட்ஜ் என்ற நகைச்சுவைப் பத்திரிகையின் வர்ணப் பக்கங்கள் அங்கேதான் அச்சாயின.

அந்தக் காலத்து வர்ண அச்சு ஒரே தடவையில் முடிகிற காரியம் அல்ல. முதலில் மஞ்சள் ஓடும். அது காய்ந்தபின் சிவப்பு. அப்புறம் நீலம். கடைசியில் கறுப்பு. ஒரே தாள் பல தடவை யந்திரத்துக்குள் போய் வர வேண்டும். ஒவ்வொரு நிறமும் முந்திய நிறத்தின் மேல் இம்மி பிசகாமல் விழ வேண்டும்.

அங்கேதான் விபரீதம் நேர்ந்தது. காகிதம் ஈரத்தைக் குடிக்கும் பொருள். புழுக்கமான நாளில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சிறிது விரிகிறது. வறண்ட நாளில் சுருங்குகிறது. திங்கட்கிழமை மஞ்சள் அடித்த தாள், செவ்வாய்க்கிழமை சிவப்பு அடிக்கும்போது அதே அளவில் இருப்பதில்லை!

வேறுபாடு தலைமயிர் அளவுதான். ஆனால் படத்தில் பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழுந்தால் யார் வாங்குவார்கள்? கட்டுக் கட்டாகத் தாள் குப்பைக்குப் போயிற்று. மையும் கூலியும் வீண். பத்திரிகை குறித்த நாளில் வெளிவர முடியாத நிலை. இரண்டு கோடைகள் இப்படியே போய்விட்டன. மூன்றாவது கோடையும் நெருங்கியது.

அச்சகத்தார் பஃபலோ கம்பெனியின் நியூயார்க் அலுவலகத்தை நாடினார்கள். அங்கே விற்பனை அதிகாரியாக இருந்தவர் இர்வின் லைல். அவர் அந்தச் சிக்கலைக் கேரியரிடம் அனுப்பி வைத்தார். அப்போது கேரியருக்கு வயது 25. வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை.

உப்பு செய்த உபத்திரவம்

ஈரத்தைப் போக்க என்ன செய்யலாம்? கால்சியம் குளோரைடு என்ற உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. கேரியர் சாக்குத் துணியை அந்த உப்புக் கரைசலில் நனைத்து, அதன் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஈரம் குறைந்தது.

ஆனால் காற்றோடு உப்பும் சேர்ந்து வந்தது! அது பட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்குமே! அச்சு யந்திரத்தின் கதி என்ன ஆவது? அந்த வழியைக் கைவிட்டார்.

இரண்டாவது வழியை யோசித்தார். அதைப் புரிந்துகொள்ள நாம் ஒரு சிறிய கணக்குப் பார்க்க வேண்டும்.

காற்றை ஒரு பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் இந்தப் பாத்திரம் பெரிதாகும். சூடு குறைந்தால் சிறிதாகும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி நிறையக் காற்று இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் அது சுமார் 30 கிராம் நீரை ஆவியாகத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல்; அவ்வளவுதான்.

30 கிராம் தாங்கக்கூடிய காற்றில் 15 கிராம் நீர் இருந்தால், அந்தக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்கிறோம். தாங்கும் அளவுக்கு மேலே போனால் நீர் துளியாகப் பிரிந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அது இந்தக் கணக்குத்தான். டம்ளரைத் தொட்ட காற்று குளிர்ந்து, தாங்க முடியாத நீரை இறக்கி வைத்துவிடுகிறது.

கேரியர் இதையே பெரிய அளவில் செய்தார். குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டார். அவற்றின் மேல் காற்றை ஊதினார். டம்ளரைப் போலக் குழாய்கள் வியர்த்தன. காற்றின் ஈரம் குறைந்தது.

55 என்ற எண்

ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும்? இங்கேதான் கேரியரின் புத்திக்கூர்மை தெரிகிறது.

ஈரத்தை அடியோடு விரட்ட அவர் முயலவில்லை. அப்படிச் செய்தால் காகிதம் சுருண்டு, மொறுமொறுத்துப் போகும். மழையோ வெயிலோ, கோடையோ பனியோ, என்றைக்கும் காற்றின் ஈரப்பதம் 55 சதவீதமாக இருக்க வேண்டும் என்பதே குறிக்கோள் ஆயிற்று. கோடையில் அறை 27 டிகிரி. குளிர்காலத்தில் 21 டிகிரி. அமெரிக்க வானிலை இலாகாவின் அட்டவணைகளை வைத்துக்கொண்டு, காற்றை எந்த அளவுக்குக் குளிர்வித்தால் இந்த எண் கிடைக்கும் என்று கணக்கிட்டார். குளிர்காலத்து வறட்சியில் நீராவியைக் கலந்து ஈரம் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார்.

கோடையில் எடுப்பது, குளிர்காலத்தில் கொடுப்பது. எப்போதும் ஒரே அளவில் நிறுத்துவது. இதுதான் புதுமை.

1902-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதியிட்டு அந்த வரைபடங்கள் தயாராயின. குளிர்சாதனத்தின் பிறந்த நாள் என்று இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். அந்த யந்திரத்தின் குளிரூட்டும் சக்தி, ஒரு நாளில் 49,000 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம்.

மூடுபனி சொன்ன ரகசியம்

அந்த முதல் ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. இன்னும் நம்பகமான வழி வேண்டும் என்று கேரியர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

அதே ஆண்டின் இறுதி. பிட்ஸ்பர்க் நகரின் ரயில் நிலையம். இரவு நேரம். கடுங்குளிர். எங்கும் மூடுபனி. எதிரில் வருகிறவர் முகம் தெரியவில்லை. ரயிலுக்காகக் காத்திருந்த கேரியர் பிளாட்பாரத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு அது வெறும் பனி. கேரியருக்கோ அது பாடம்.

இந்தக் காற்று முழுக்க முழுக்க ஈரமாக இருக்கிறது. ஆனாலும் குளிர் அதிகமானதால் இதில் உள்ள நீரின் எடை மிகக் குறைவு. அப்படியானால், காற்றை நாமே நீர்த்தூவல் வழியாகச் செலுத்தி, இதேபோல ஈரம் நிரம்பச் செய்தால்? அப்போது அதன் வெப்பத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதும். அதில் எத்தனை கிராம் நீர் இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானித்துவிடலாம்!

மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். 10 டிகிரிக் குளிர்நீரைத் தூவி, அதற்குள் காற்றை விடுகிறோம். அது 9 கிராமுக்குச் சற்று மேல் மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நீரை அங்கேயே விட்டுவிடுகிறது. பிறகு அதை 20 டிகிரிக்குச் சூடாக்குகிறோம். அந்தச் சூட்டில் 17 கிராம் தாங்கும் காற்றில் இப்போது ஏறக்குறைய அதில் பாதிதான் நீர். ஈரப்பதம் 50-ஐச் சற்றே தாண்டி நிற்கிறது!

காற்றை உலர்த்துவதற்குத் தண்ணீரையே தூவுவதா? கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் கணக்கு பொய் சொல்லவில்லை. 1906 ஜனவரி 2-ந் தேதி இந்த முறைக்கு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

நூலுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று

காகிதத்துக்கு 55 சரி. மற்றப் பொருள்களுக்கு? ஒவ்வொரு தொழிலாக அவரைத் தேடி வந்தது.

பருத்தி ஆலைகளின் கஷ்டம் அச்சகத்துக்கு நேர் எதிர். அங்கே வறட்சிதான் விரோதி. காற்று வறண்டால் நூல் பட்பட்டென்று அறுந்தது. பஞ்சுத் தூசி மின்சாரம் ஏறிப் பறந்து ஒட்டிக்கொண்டது. அங்கே ஈரத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. 1906-ல் வட கரோலினாவின் பெல்மான்ட் ஊரில் ஒரு நூற்பாலைக்குக் கேரியரின் யந்திரம் போயிற்று. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரைச் சூட்டியவரும் கேரியர் அல்ல. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் கிராமர் என்ற ஆலை என்ஜினீயர் சூட்டிய பெயர் அது. கோவையின் நூற்பாலைகளிலும் இன்று ஈரப்பதம் பார்த்தே காற்று விடுகிறார்கள்.

1907-ல் கடல் கடந்து ஜப்பானின் யோகோஹாமா நகரில் ஒரு பட்டு ஆலைக்கும் யந்திரம் போயிற்று. கேப்சூல் மருந்து செய்கிறவர்கள் வந்தார்கள். புகையிலைக்காரர்கள் வந்தார்கள். மிட்டாய் செய்கிறவர்கள் வந்தார்கள். ஒருவருக்குப் பொருள் பிசுபிசுத்தது, ஒருவருக்கு உடைந்தது, ஒருவருக்குத் துருப்பிடித்தது.

எல்லோருக்கும் ஒரே அளவைக் கேரியர் கொடுக்கவில்லை. அந்தந்தப் பொருளின் குணத்தை ஆராய்ந்து, அதற்குரிய ஈரத்தைத் தேர்ந்தெடுத்தார். நோயாளியின் நாடி பார்த்து மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போல!

1911 டிசம்பரில் அமெரிக்க யந்திர என்ஜினீயர்கள் சங்கத்தில், காற்றின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவைச் சூத்திரங்களாக வகுத்து ஒரு கட்டுரை படித்தார். அன்று அவர் போட்ட அடிப்படையில்தான் இன்றும் குளிர்சாதன என்ஜினீயர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

வேலை போயிற்று, வாழ்வு வந்தது

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பஃபலோ கம்பெனி செலவைக் குறைக்க எண்ணி, கேரியரின் பிரிவை மூட முடிவு செய்தது.

கேரியர் மனம் தளரவில்லை. நண்பர் லைலும், உடன் வேலை பார்த்த இன்னும் ஐந்து பேரும் அவருடன் சேர்ந்தார்கள். ஏழு பேரும் தங்கள் சேமிப்பைத் திரட்டினார்கள். சேர்ந்த மூலதனம் 32,600 டாலர். 1915-ல் கேரியர் என்ஜினீயரிங் கார்ப்பரேஷன் பிறந்தது. வேலை போகாமல் இருந்திருந்தால் அந்தக் கம்பெனி பிறந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்தக் காலத்துக் குளிர்சாதன யந்திரங்கள் ராட்சத உருவம் உடையவை. பெரும்பாலும் அம்மோனியாவில் ஓடின. அது கசிந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே மக்கள் கூடும் இடத்தில் வைக்க அஞ்சினார்கள். 1922-ல் கேரியர், ஆபத்துக் குறைந்த திரவத்தில் ஓடும், உருவத்திலும் சிறிய புதிய யந்திரத்தை அறிமுகம் செய்தார். காகிதத்துக்குக் கிடைத்த சுகம் மனிதனுக்கும் கிடைக்கும் காலம் வந்தது.

விசிறிகள் நின்றன

1925-ம் ஆண்டு மே மாதக் கடைசி. நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர். கோடையில் சினிமாக் கொட்டகைக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது போல. பல கொட்டகைகள் கோடையில் மூடியே கிடக்கும். ரிவோலியில் கேரியரின் யந்திரம் அன்று முதன்முதலாக ஓடவேண்டும். சினிமா உலகின் பெரும் புள்ளி அடால்ஃப் ஜூக்கரும் பார்க்க வந்திருந்தார்.

கூட்டம் அலைமோதியது. ஆனால் யந்திரத்தை ஓட்டுவதில் தாமதம் ஏற்பட்டது. உள்ளே ஒரே புழுக்கம். எல்லார் கையிலும் விசிறி படபடத்தது. கேரியருக்கு நெஞ்சு படபடத்தது!

யந்திரம் ஓடத் தொடங்கியது. மெல்ல மெல்லக் குளிர் பரவியது. ஒரு விசிறி மடிக்குப் போயிற்று. பிறகு ஒன்று. பிறகு நூறு. கடைசியில் ஒரு விசிறிகூட ஆடவில்லை. கேரியர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அதன்பின் கடைகளும், அலுவலகங்களும், சட்டசபை மண்டபங்களும் குளிர்ந்தன. 80-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற கேரியர், 1950 அக்டோபர் 7-ந் தேதி தமது 73-வது வயதில் காலமானார்.

நம் வீட்டுக்கு ஒரு பாடம்

கேரியரின் யந்திரம் எல்லார் வீட்டிலும் இருக்க முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியை எல்லாரும் கேட்கலாம். இந்தப் பொருளுக்கு எத்தனை ஈரம் வேண்டும்?

புத்தகம், பத்திரம், போட்டோ ஆகியவற்றுக்கு 40 முதல் 50 சதவீதம் ஏற்றது. 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் அபாயம் உண்டு. காமிரா லென்ஸுக்கும் இதே அளவுதான். வீணை, வயலின் போன்ற மர வாத்தியங்களுக்கு 50-ஐ ஒட்டி இருந்தால் நலம். கேப்சூல் மருந்துகள் ஈரம் மிகுந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். மிகவும் வறண்டால் நொறுங்கும். ஆகவே குளியலறையிலும் அடுப்பின் அருகிலும் மருந்தை வைக்காதீர்கள்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடுகிறோம். அது தவறு. வெங்காயத்துக்கு 65 முதல் 70 போதும், மிஞ்சினால் அழுகும். உருளைக்கிழங்குக்கோ 90-க்கு மேல் வேண்டும், குறைந்தால் வதங்கும்.

ஈரத்தோடு ஒரு பொருளை டப்பாவில் போட்டு இறுக மூடினால், ஈரத்தையும் சேர்த்துச் சிறை வைக்கிறோம் என்று பொருள். முதலில் உலர்த்த வேண்டும். பிறகுதான் மூட வேண்டும். மருந்துப் புட்டிக்குள் வரும் சிறிய பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டது. அதைத் தூக்கி எறியாதீர்கள். குழந்தைகள் கையிலும் கொடுக்காதீர்கள். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஒரு வாரம் பீரோவுக்குள் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வீட்டில் ஒரே ஒரு பழைய போட்டோ இருக்கும். அதில் தாத்தாவின் முகம் இருக்கும். அது போனால் மறுபடி வராது. வெயிலில் காயவைத்தாலும் கெடும். ஈரச் சுவரில் மாட்டினாலும் கெடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது.

அந்த நடு அளவைக் குத்துமதிப்பாக அல்ல, கணக்காகக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார் கேரியர். அவருக்கு அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவை, ஒரு தாய் பிள்ளையை உட்காரவைத்து வெட்டச் சொன்ன ஒரு கூடை ஆப்பிள்கள்.